மரத்தடியில் பள்ளி வைத்த மகாகவி



பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் நம் கேமரன் மலையின் ஆறுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். முதல் நாள் வரை கற்களுக்கிடையே தெளிந்து ஓடிய நீர், மறுநாள் பால் கலந்த தேநீரைப் போல் நிறம் மாறி ஓடும். அது மண்ணின் நிறம். எங்கோ மேலே, மரங்களை இழந்து வெறுமையாய் நிற்கும் ஒரு சரிவிலிருந்து வந்த மண் அது. அந்த நீரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இவ்வாண்டு மலரில் எந்தப் பெரியவரின் வரலாற்றை எழுதலாம் என எண்ணினோம். இரவீந்திரநாத தாகூரே நம் நினைவிற்கு வந்தார்.

தாகூர் கவிஞர் ஆயிற்றே, அவருக்கும் ஆற்று நீருக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். அவர் 1913இல் நோபல் பரிசு பெற்றதையும், ஆசியக் கண்டத்தில் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே என்பதையும், இந்தியாவும் வங்காளதேசமும் அவர் பாடல்களையே நாட்டுப் பண்ணாகக் கொண்டிருப்பதையும் நீங்கள் வேறு நூல்களில் படித்துக்கொள்ளலாம். 1915இல் ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை, ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919இல் அவர் துறந்ததையும் அங்கே காணலாம். நாம் ஈண்டுக் கூறப்போவது, மரத்தடியில் பள்ளி வைத்து, பிள்ளைகளின் கையில் நாற்றையும் மண்வெட்டியையும் கொடுத்த தாகூரைப் பற்றியே.

கல்கத்தா மாநகரின் ஜோராசங்கோ என்னும் பகுதியில் ஒரு பெரிய மாளிகையில் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தாகூர் பிறந்தார். தந்தையார் மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாதர். தாயார் சாரதா தேவி. நிலைத்த பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. செல்வக் குடும்பம்தான், ஆயினும் சிறுவன் இரவிக்குக் கிடைத்தது பணியாட்களின் வளர்ப்பே. அவர்களுள் சியாம் என்பவன் தன் வேலையை எளிதாக்கிக்கொள்ள ஒரு வழி கண்டான். இரவியை ஓரிடத்தில் உட்காரவைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவான். அதைத் தாண்டினால் பெருந்துன்பம் நேரும் என விரல் நீட்டி எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததை இரவி முன்னரே கேட்டிருந்தான். ஆகவே அவ்வட்டத்தை விட்டு அசையமாட்டான்!

அந்த வட்டத்தின் அருகே ஒரு பலகணி இருந்தது. அதன் வழியே கீழே ஒரு குளமும், மதிலோரம் ஓர் ஆலமரமும் தெரியும். யார் எப்படி முழுகுகிறார், யார் நீரைத் தொடுவதற்கே அஞ்சி நிற்கிறார் என்பதை அந்தச் சிறுவன் நாள்தோறும் பார்த்துக் கிடந்தான். ஆலமரத்தின் விழுதுகளுக்கிடையே இருள் சூழ்ந்த இடம் அவனுக்கு ஒரு தனி உலகமாய்த் தோன்றியது. பிற்காலத்தில் அக்குளம் தூர்ந்தது, ஆலமரமும் மறைந்தது. அவர் தம் முதுமையிலும் அவ்விரண்டையும் மறக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். மாளிகைத் தாழ்வாரத்தின் மூலையில் சேர்ந்திருந்த தூசியில் இரவி ஒரு சீத்தாப்பழ விதையைப் புதைத்து, அன்றாடம் நீர் ஊற்றி வந்தான். அவ்விதை மரமாகும் எனும் எண்ணமே அவனுக்குப் பெருவியப்பை அளித்தது. உறவினர் ஒருவரின் தோட்டத்திலிருந்து கற்களை எடுத்து வந்து படிப்பறையின் மூலையில் ஒரு சிறு மலை அமைத்து, அதில் செடிகளையும் நட்டான். பெரியவர்கள் கண்டார்கள், படிப்பறை மலை வைக்கும் இடமன்று என்றார்கள். மறுநாள் மலையும் இல்லை, செடியும் இல்லை. சிறுவர்களே, உங்களுள் எத்தனை பேர் லயத்து வீட்டுப் படிக்கட்டோரம் தகரத்தில் செடி வைத்து, அது குப்பையென எறியப்பட்டதால் அழுதிருக்கிறீர்கள் என்பதை நாம் அறிவோம்.

பள்ளி அவருக்கு உகந்ததாக அமையவில்லை. ஒன்றை விட்டு மற்றொன்று எனச் சில பள்ளிகள் மாறினார், எதிலும் நிலைக்கவில்லை. சுவர்களும் பிரம்பும் மனப்பாடமுமே அவர் கண்ட கல்வி. வீட்டிற்கு வந்தவுடன் தாழ்வாரத்துக் கம்பிகளை மாணவர்களாகப் பாவித்து, தாம் ஆசிரியராகி, பிரம்பால் அவற்றை விளாசுவாராம். பாடத்தைவிட அடிக்கும் முறையை எளிதில் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே நகைத்து எழுதியிருக்கிறார். ஆசிரியராகிய நாமும் இதைப் படிக்கும்போது சற்றே தலை குனிய வேண்டியிருக்கிறது.

1873இல் அந்த வட்டம் அழிந்தது. பூணூல் சடங்கு முடிந்து, மொட்டைத் தலையுடன் இருந்த இரவியைத் தந்தையார் தம்முடன் பயணம் அழைத்துச் சென்றார். முதலில் தங்கிய இடம் வங்காளத்தின் போல்பூர் அருகே உள்ள சாந்திநிகேதன். மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாய்ச் செம்மண் வெட்டுண்டு கிடந்த வெளி அது. அப்பள்ளங்களை அவ்வூரார் கோவாய் என்பர். இரவி அங்கே ஓடித் திரிந்து பலநிறக் கூழாங்கற்களைச் சட்டை மடியில் அள்ளி வருவான். தந்தையார் சினக்கவில்லை, கற்களின் அழகைப் பாராட்டி, அருகில் இருந்த மண்மேட்டை அவற்றால் அழகு செய்யுமாறு பணித்தார். படிப்பறையில் மலை வைத்ததற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளைக்கு இது எத்தகைய ஆறுதல்! பின்னர் இமயச் சாரலில் டல்ஹவுசி என்னும் ஊர். நம் ஊரைப் போன்றே குளிர் நிறைந்த மலையூர். முனையில் இரும்பு பூண்ட தடியை ஊன்றிக்கொண்டு தேவதாரு மரக்காடுகளில் தனியே அலைந்து வர இரவிக்கு இசைவு கிடைத்தது. மாலையில் தந்தையார் விண்மீன்களைச் சுட்டிக்காட்டி வானியல் கற்பித்தார். பள்ளிகள் பல ஆண்டுகளில் தராததைச் சில திங்களில் ஒரு மலை தந்தது.

அதன்பின் அவர் இங்கிலாந்து சென்றதும், 1883இல் மிருணாளினி தேவியை மணந்ததும், கவிஞராகப் புகழ் பெற்றதும் நீண்ட கதைகள். அவற்றை விரைந்து கடப்போம். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடும்ப நிலங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பத்மா நதியில் படகிலேயே தங்கிக் கிராமங்களைச் சுற்றினார். உழவரின் வறுமையையும் நோயையும் அங்கேதான் நேரிற் கண்டார். மாளிகையின் பலகணி வழியே பார்த்து அறியாத செய்திகள் அவை.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் நாற்பதாம் வயதில், சாந்திநிகேதனில் தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர் ஐவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் அவர்தம் மூத்த மகன் இரதீந்திரநாதர். தொடக்கத்தில் கட்டணம் பெறவில்லை. செலவிற்குப் பொருள் போதாமல் மிருணாளினி தேவி தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். அவ்வம்மையார் அடுத்த ஆண்டே மறைந்தார். 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தையார், 1907இல் இளைய மகன் சமீந்திரநாதர் என அடுத்தடுத்து இழப்புகள். ஆயினும் அவர் பள்ளியைக் கைவிடவில்லை.

அப்பள்ளி எப்படி நடந்தது? பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, தம் இடத்தைத் தாமே தூய்மை செய்து, நீராடி, சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருப்பர். பின் அவரவர் பாயை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குச் செல்வர். மாந்தோப்பிலும் சால மர நிழலிலும் வகுப்புகள் நடந்தன. சால மரம் நம் நாட்டு மெராந்தி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் வகுப்பு கலையும்; நனைவதற்கென்றே சிலர் ஓடுவர். பூ எப்போது மலர்கிறது, எந்தப் பறவை எந்தத் திங்களில் வருகிறது என்பவை நூலில் தேடும் செய்திகளாக இல்லாமல் கண்ணால் கண்டு அறியும் செய்திகளாக இருந்தன. ஜகதானந்த ராய் என்னும் ஆசிரியர் அறிவியலைப் பிள்ளைகளுக்கு எளிய வங்கமொழியில் கற்பித்து நூல்களும் எழுதினார். தேஜஸ்சந்திர சேன் என்னும் மற்றோர் ஆசிரியர் மரங்களின்பால் கொண்ட அன்பினால், ஒரு பனைமரத்தை வெட்டாமல் நடுவில் விட்டு அதைச் சுற்றியே தம் குடிலை அமைத்துக்கொண்டார். கூரையைப் பிளந்துகொண்டு நிற்கும் அப்பனை, அவ்வூருக்குச் செல்வோர் இன்றும் காணும் காட்சி.

ஒருமுறை, கண்டிப்பிற்குப் பெயர் பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். மாணவன் ஒருவன் மரக்கிளையின் கவட்டில் அமர்ந்து பாடம் படிப்பதைக் கண்டு அவர் முகம் சுளித்தார். மரக்கிளையா, வரவேற்பறை நாற்காலியா எனத் தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதனுக்குச் சிறு வயதில் மட்டுமே உண்டு. தாம் வளர்ந்துவிட்ட காரணத்தால் அதைப் பிள்ளையிடமிருந்து பறிப்பது முறையன்று என்று தாகூர் விளக்கம் அளித்தார். இதைப் படித்துவிட்டு நம் பள்ளியின் கொய்யா மரத்தில் ஏறிவிட வேண்டா. அது சிறிய மரம், தாங்காது.

இப்பள்ளிக்கும் தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் பீனிக்ஸ் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் 1914ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தபோது சாந்திநிகேதனிலேயே தங்கினர். அவர்களுள் ஒப்பந்தக் கூலிகளின் உரிமைக்காகப் போராடிய தம்பி நாயுடுவின் புதல்வர்களும் இருந்தனர். அப்பிள்ளைகள் தாமே சமைத்தனர், மண் வெட்டினர், கூட்டிப் பெருக்கினர். 1915இல் காந்தியடிகளும் வந்து, சாந்திநிகேதன் மாணவர்களும் அவ்வாறே எல்லா வேலைகளையும் தாமே செய்யலாமே என்றார். தாகூர் மகிழ்ந்து இசைந்தார். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் மார்ச்சு 10ஆம் நாளைக் காந்தி நாள் எனக் கொண்டு, சமையற்காரர்க்கும் துப்புரவாளர்க்கும் ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் அவ்வேலைகளைச் செய்யும் வழக்கம் அங்கே நிலைத்தது.

1921இல் அப்பள்ளியிலிருந்து விசுவபாரதி என்னும் உயர்கல்வி நிலையம் உருவாயிற்று. ஆயினும் தாகூரின் உள்ளத்தில் ஒரு குறை இருந்தது. சாந்திநிகேதன் காலப்போக்கில் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாகித் தேர்வையும் சான்றிதழையும் நாடத் தொடங்கியது. சுற்றிலும் உள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதனால் பயன் என்ன? முன்னரே, 1906இல், தம் மகனை அவர் அமெரிக்காவிற்கு அனுப்பியது வேளாண்மை கற்பதற்கே. 1922ஆம் ஆண்டு பிப்ரவரியில், எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில வேளாண் அறிஞரின் துணையுடன் சுருல் என்னும் சிற்றூரில் ஸ்ரீநிகேதன் தொடங்கப்பெற்றது. அங்கே வந்தவர்கள் முதலில் தம் கழிவைத் தாமே குழியில் மூடி எருவாக்கக் கற்றனர். ஊர்ச் சிறுவர்களைத் திரட்டித் தொண்டர் படைகள் அமைத்தனர். மலேரியாக் கொசு வளரும் குட்டைகளைக் கவனிப்பதும் தோட்டம் இடுவதும் அவர்களின் பணிகள். 1924இல் ஏழைப் பிள்ளைகளுக்கென சிக்ஷாசத்திரம் என்னும் பள்ளியும் எழுந்தது. நம் எண்ணத்தில், மாந்தோப்பு வகுப்புகளைவிட இச்சிறு பள்ளியே தாகூரின் துணிவான செயல். தோட்டத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு உறவு அதுதான்.

நம் நாட்டிற்கும் அவர் வந்திருக்கிறார். 1927ஆம் ஆண்டு ஜூலையில், தம் 66ஆம் வயதில், விசுவபாரதிக்கு நிதி திரட்டச் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு எனப் பல ஊர்களில் உரையாற்றினார். நம் மலைக்கு அவர் வரவில்லை. அப்போது தாப்பாவிலிருந்து மலைப்பாதையும் முடியவில்லை. போ தேயிலைத் தோட்டம் தோன்றியதும் 1929இல்தான்.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வின் அழகிய செயல் ஒன்று நிகழ்ந்தது. சாந்திநிகேதனைச் சூழ்ந்த நிலம் காடு அழிந்து, மேல்மண் அரித்துக் கோவாய்ப் பள்ளங்களாக விரிந்துகொண்டிருந்தது. மனிதன் பேராசையால் மரத்தை வெட்டி நிலத்தை வறளச் செய்தான். கொள்ளையிட்டதைத் திருப்பித் தருவது கடன் என்று தாகூர் கருதினார். அறிக்கை எழுதி அதைச் சொல்லியிருக்கலாம். அவரோ அதை விழாவாக்கினார். 1928ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், பூக்களால் அணி செய்த பல்லக்கில் ஒரு சிறு மகிழங்கன்றை ஏற்றி, பிள்ளைகள் சங்கு முழங்கப் பாடிக்கொண்டு ஊர்வலமாய் வந்தனர். நிலம், நீர், தீ, காற்று, வான் என ஐந்து பூதங்களாக வேடம் புனைந்த ஐவர் கன்றினை வாழ்த்த, அது நடப்பட்டது. அம்மகிழங்கன்று அவர் மருமகள் பிரதிமா தேவி தொட்டியில் வளர்த்தது. மறுநாள் ஸ்ரீநிகேதனில் ஏர்விழா. முதிர்ந்த கவிஞர் தாமே கலப்பையைப் பிடித்து உழுதார். ஓவியர் நந்தலால் போஸ் அக்காட்சியைப் பின்னர் சுவரோவியமாகத் தீட்டினார். இந்திய அரசு 1950 முதல் நாடெங்கும் நடத்திவரும் வனமகோத்சவம் என்னும் மர விழாவிற்கு இஃது இருபத்திரண்டு ஆண்டுகள் முந்தியது.

அவ்வாண்டிலேயே வலாய் என்னும் கதையையும் எழுதினார். தாயில்லாச் சிறுவன் வலாய். தோட்டப் பாதையின் நடுவே தானாய் முளைத்த இலவங்கன்று ஒன்றை உயிராய்ப் பேணினான். வெட்டிவிட வேண்டும் என்ற சிற்றப்பாவிடம் கெஞ்சிக் காத்தான். பின்னர் தந்தையுடன் தொலைவூர் சென்றான். அங்கிருந்து தன் மரத்தின் நிழற்படம் ஒன்றை அனுப்பக் கேட்டுக் கடிதம் எழுதினான். அதற்குள் மரம் வெட்டப்பட்டிருந்தது. அவனை வளர்த்த சித்தி இரண்டு நாள் உணவு உண்ணவில்லை. கதை அவ்வளவே. ஆறாம் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது எவரும் பேசவில்லை.

நம் மலையின் நிலையைப் பாருங்கள். ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரியில், சரிவுகளிலிருந்து அரித்து வரும் வண்டல் படிந்து, நீர் கொள்ளும் அளவு பெரிதும் குறைந்துவிட்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், பெருமழையின்போது அணைநீர் திறக்கப்பட்டபின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றன. வங்கத்துக் கோவாய்ப் பள்ளம் நமக்கு அயலூர்ச் செய்தியன்று.

நாமும் மரம் நடப் புறப்பட்டோம். பள்ளியின் பின்சரிவில் பிள்ளைகள் கன்றுகள் நட்டனர், படம் எடுத்துக்கொண்டோம், ஆண்டிறுதி விடுமுறை விட்டோம். திரும்பி வந்தபோது ஏழு கன்றுகள் மண்ணோடு சரிந்து வாய்க்காலில் கிடந்தன. தவறு நம்முடையதே. நடுவதைக் கற்பித்த நாம் மண்ணைப் பிடித்து நிறுத்துவதைக் கற்பிக்கவில்லை. அப்போது, கொழுந்துக் காட்டில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த தாத்தா ஒருவர் லயத்திலிருந்து வந்தார். சரிவின் குறுக்கே படி வெட்டவும், மண் தேங்கி நிற்கச் சிறு குழிகள் எடுக்கவும், கவாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளைப் பரப்பி மழைத்துளியின் அடியைத் தடுக்கவும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். மறுமழையில் பிள்ளைகள் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் நீர் பிடித்தனர். படி வெட்டிய இடத்து நீர் ஒன்று, வெட்டாத இடத்து நீர் மற்றொன்று. அரை மணி நேரம் வைத்திருந்து அடியில் படிந்த மண்ணை அளந்தனர். வெட்டாத இடத்துப் புட்டியில் அது இரண்டு விரற்கடைக்கு மேல் இருந்தது. பெற்றோர்களே, நீங்கள் நாள்தோறும் கையால் அறிந்திருக்கும் இவ்வறிவு எங்கள் பாடநூலில் இல்லை. வந்து கற்பியுங்கள்.

தாகூர் முதுமையிலும் கற்பிப்பதை நிறுத்தவில்லை. 1937இல், தம் 76ஆம் வயதில், அண்டவெளியையும் அணுவையும் இளைஞர்க்கு விளக்கும் விசுவ பரிச்சயம் என்னும் நூலை எழுதி, அறிவியலறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்கு உரிமையாக்கினார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜோராசங்கோ மாளிகையில் மறைந்தார். சாந்திநிகேதன் 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. விசுவபாரதியில் பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலை மரத்தின் இலையை அளிப்பது மரபாக இருந்து வந்தது. அவர்தம் தந்தையார் அவ்வெளியில் முதன்முதலில் தங்கிய நிழல் அம்மரத்தினுடையது.

அவர் மறைந்த நாள் வங்க நாட்காட்டியில் சிராவணத் திங்கள் 22. மழை பொழியும் காலம். ஆண்டுதோறும் அந்நாளிலேயே சாந்திநிகேதனில் மரம் நடும் விழா நடைபெறுகிறது. கன்று பல்லக்கில் வருகிறது, பிள்ளைகள் பாடி வருகின்றனர். நம் பின்சரிவில் பிழைத்தவை பதினொரு கன்றுகள். வரும் விடுமுறையில் அவற்றைப் பார்த்துக்கொள்வோர் முறைப் பட்டியல் பள்ளி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மூன்றாம் வாரத்திற்கு மட்டும் இன்னும் பெயர் எழுதப்படவில்லை.